காலிங்கராயர்

கொங்கு நாடு மலைகளை வேலியாக உடையது. மேற்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழையின் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கின்றது. நீர் வறண்ட காற்றே மலையைக் கடந்து கிழக்கு நோக்கி வருகின்றது. ஆதலின் இந்நாட்டின் நடுப்பகுதி மழை குறைந்த மேட்டு நிலமாக அமைந்துள்ளது. காங்கேயம் அத்தகைய மேட்டு நிலத்தின் நடுவே உள்ள ஊர்.

காங்கேயத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் சென்று பார்ப்போர் ஒரு காட்சியைக் காணலாம். நிலங்கள் பல, கிளுவை முள்வேலியால் சூழப்பட்டிருக்கும். உள்ளே வெள்வேல மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும். அவற்றின் அடியில் கொழுக்கட்டைப் புல் படர்ந்திருக்கும். இதனைக் கொறங்காடு என்று அவ்வட்டாரத்து மக்கள் வழங்குவர். ஒரு காட்டில் புல் குறைந்ததும் ஆனிரையை மற்றொரு காட்டிற்கு மாற்றி, முதற்காட்டின் புல் மீண்டும் தழைக்க விடுவர். வேலி உயிருள்ளது, மரம் நெற்று உதிர்த்து மாட்டிற்கு உணவாகும், மாட்டின் சாணம் மண்ணிற்கு உரமாகும். புகழ்பெற்ற காங்கேயம் காளைகள் வளர்ந்தது இந்த மேய்ச்சல் நிலத்திலேதான். வானம் குறைவாக வழங்கியதை வீணாக்காமல் காத்து வாழ்ந்த மக்களின் அறிவுக்குக் கொறங்காடு ஒரு சான்று.

முற்காலத்தில் கொங்கு மண்டலம் 24 நாடுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. காங்கேய நாடு அவற்றுள் ஒன்று. பூந்துறை நாடு மற்றொன்று. இரண்டும் வறட்சியை நன்கறிந்த நாடுகளே. அந்தப் பூந்துறை நாட்டில் பிறந்த ஒருவர், ஊரார் அனைவரும் கூடி நுகரத்தக்க ஒரு பொதுச்செல்வத்தை உண்டாக்கினார்; உண்டாக்கிய பின்னர் அதிலிருந்து தமக்கென ஒரு துளியும் வேண்டாமெனத் துறந்தார். அவரே காலிங்கராயர். ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் பெயர் நீரோடு நீராக ஓடிக்கொண்டிருக்கின்றது.

காலிங்கராயர் பிறந்த ஊர் ஈரோட்டிற்குத் தெற்கே வெள்ளோட்டை அடுத்த கனகபுரம் என்பர். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் லிங்கையன் என்று கூறுவது மரபு. காலிங்கராயன் என்பது பட்டப்பெயர். அரசர்கள் தம் அலுவலருள் சிறந்தோர்க்கு அதனை வழங்கினர். சோழர் காலத்தில் மணவிற்கூத்தன் என்னும் படைத்தலைவனும் இப்பட்டம் பெற்றிருந்தான். அவன் வேறு, நம் கொங்கு நாட்டுக் காலிங்கராயர் வேறு. நம்மவர் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அக்காலத்தில் கொங்கு நாட்டை ஆண்ட பாண்டியரிடம் உயர்ந்த பதவி வகித்தவர் என்பது அறிஞர் கருத்து. அவரது இளமை, கல்வி, இல்வாழ்க்கை ஆகியவை பற்றி விரிவான செய்திகள் ஏடுகளில் இல்லை. அவருடைய வரலாற்றில் பெரும்பகுதி மக்கள் வாய்வழியாகப் போற்றி வந்ததே. ஆயினும் அவர் செய்த செயல் கல்லும் மண்ணும் நீருமாக நம் கண்முன் நிற்கின்றது.

அச்செயலை அவர் மேற்கொண்டதற்குக் காரணமாக ஒரு கதை வழங்குகின்றது. ஒருகால் அவர் நெல் விளையும் நாட்டிலிருந்த உறவினர் இல்லத்திற்கு விருந்தினராகச் சென்றார். அடுக்களையில் இருந்தவர்கள், வந்தவர்க்கு எந்த அரிசியை உலையில் இடுவது என்று வினவினராம். கம்பும் சோளமும் உண்ணும் மேட்டுநாட்டார்க்கு நல்லரிசிக்கும் மட்டமான அரிசிக்கும் வேறுபாடு தெரியப்போவதில்லை. ஆதலின் எதுவாயினும் போதும் என்று விடை வந்ததாம். இச்சொற்கள் காலிங்கராயரின் செவியில் விழுந்தன. அவர் சினந்து எழவில்லை. விருந்தளித்தவரை வைது பேசவுமில்லை. அந்த இகழ்ச்சி தம் ஒருவருக்கு உரியதன்று, தம் நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரியது என்று எண்ணினார். தம் நாட்டிலும் நெல் விளையச் செய்த பின்னரே மனம் ஆறுவது என்று உறுதி பூண்டார்.

கதை எவ்வாறாயினும் ஆகுக. அதன் உட்பொருள் கருதத்தக்கது. இகழப்பட்டவர் பலர் இகழ்ந்தவரைப் பழிவாங்க முற்படுவர். காலிங்கராயரோ, இகழ்ச்சிக்கு இடமான வறுமையையே போக்க முற்பட்டார். பகையை ஆளின் மேல் வையாது, வறட்சியின் மேல் வைத்தார்.

ஈரோட்டுப் பகுதியின் நிலத்தோற்றத்தைச் சிறிது ஆராய்தல் வேண்டும். வடக்கேயிருந்து வரும் காவிரியும் மேற்கேயிருந்து வரும் பவானியும் பவானி நகரில் கூடுகின்றன. கூடிய ஆறு தெற்கும் தென்கிழக்குமாகத் திரும்பிக் கொடுமுடியை நோக்கிச் செல்கின்றது. கரையிலுள்ள ஊரார் அன்றாடம் ஆற்றைக் கண்டனர். எனினும் அவர்தம் கழனிகளுக்கு அந்நீர் பயன்படவில்லை. ஆறு பள்ளத்தில் ஓடிற்று. நிலம் மேட்டில் கிடந்தது. பள்ளத்து நீர் தானாக மேடேறாது அன்றோ? கண்ணெதிரே வெள்ளம் ஓட, கரைமேல் பயிர் வாடிற்று.

இக்குறையைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. ஆறு தாழ்வதற்கு முன்னரே, மேலே ஓரிடத்தில் அதனைத் தடுத்து நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும். உயர்ந்த நீரை ஒரு வாய்க்காலில் திருப்ப வேண்டும். அவ்வாய்க்கால் ஆற்றைப்போல் விரைந்து தாழாமல், மேட்டின் ஓரமாகவே மெல்ல மெல்லச் சரிந்து செல்ல வேண்டும். அப்பொழுதுதான் வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் வாய்க்காலினும் தாழ்ந்து நின்று பாசனம் பெறும். காலிங்கராயர் தெரிந்தெடுத்த இடம் பவானி ஆறு காவிரியோடு கூடுவதற்குச் சற்று முன்னுள்ள இடம். அங்குப் பவானியின் குறுக்கே ஓர் அணை கட்டவும், அதன் வலக்கரையிலிருந்து வாய்க்கால் வெட்டவும் அவர் திட்டமிட்டார்.

சொல்வது எளிது; செய்வது அரிது. இன்று பொறியாளர் நிலமட்டத்தை அளக்க நுண்கருவிகளைக் கொண்டுள்ளனர். 13ஆம் நூற்றாண்டில் அக்கருவிகள் இல்லை. வாய்க்காலின் சரிவு சிறிது மிகுந்தால் கரை அரிக்கும்; பாசனம் பெறும் நிலமும் குறையும். சரிவு சிறிது குறைந்தால் நீர் தேங்கி வண்டல் அடையும். இரண்டிற்கும் நடுவே, பல கல் தொலைவு வரை மட்டம் தவறாமல் செல்ல வேண்டும். மேடு வந்தால் அதனைச் சுற்ற வேண்டும். பள்ளம் வந்தால் ஒதுங்க வேண்டும். ஆதலாலேயே அவ்வாய்க்கால் நேராகச் செல்லாமல் வளைந்து வளைந்து செல்கின்றது.

இவ்வளைவுகளைக் கண்ட மக்கள் ஒரு கதை புனைந்தனர். வாய்க்காலை எவ்வழியே வெட்டுவது என்று அறியாது காலிங்கராயர் கவலையுற்றிருந்தபொழுது, ஒரு பாம்பு தோன்றி முன்னே ஊர்ந்து சென்றதாம். அது சென்ற தடத்திலேயே அவர் வாய்க்காலை வெட்டினாராம். பாம்பு வழிகாட்டிற்று என்பதை இன்றைய மாணவர் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. நிலத்தின் ஏற்ற இறக்கங்களைக் கூர்ந்து நோக்கி, அதன் போக்கிற்கு இணங்கியே வழி வகுத்தனர் என்பதே அக்கதை உணர்த்தும் உண்மை. மேட்டை உடைத்து நேர்வழி காண்பது ஒரு முறை. மேட்டுக்கு மதிப்பளித்து வளைந்து செல்வது மற்றொரு முறை. காலிங்கராயரின் முறை இரண்டாவது. வளைந்து சென்றதால் வாய்க்காலின் நீளம் மிகுந்தது; நீளம் மிகுந்ததால் நீர் பெற்ற நிலமும் மிகுந்தது; வழியெங்கும் ஊறிய நீரால் கிணறுகளும் ஊற்றுப் பெற்றன.

அணை கட்டுவதற்குக் கல் வேண்டும். பவானிக்கு அண்மையிலுள்ள ஊராட்சிக்கோட்டை மலையிலிருந்து கல் கொணர்ந்தனர் என்று கூறுவர். அப்பகுதிக்குத் தலைவனாயிருந்த ஒருவன் இப்பணியைத் தடுத்தான் என்றும், காலிங்கராயர் அவனை வென்று பணியைத் தொடர்ந்தார் என்றும் வாய்மொழிச் செய்திகள் உள்ளன. ஆற்றில் நீர் குறையும் காலத்தில் அணையின் வேலை நடந்திருக்கும். வெள்ளம் வருங்காலத்தில் நின்றிருக்கும். ஓராண்டு செய்ததை மறு ஆண்டு வெள்ளம் சிதைத்ததும் உண்டாயிருக்கலாம். கல்லுடைத்தவர், வண்டியோட்டியவர், மண் வெட்டியவர், கூடை சுமந்த மகளிர் எனப் பெயர் தெரியாத மக்கள் பல்லாயிரவர் அப்பணியில் உழைத்திருப்பர். தலைவர் ஒருவரின் பெயர் நிலைத்தது; உழைத்தோர் பெயர்கள் மறைந்தன. வாய்க்காலை நினைக்குந்தோறும் அவர்களையும் நினைத்தல் நம் கடமை.

இவ்வாறு 12 ஆண்டுகள் பணி நடந்தது என்றும், 1271ஆம் ஆண்டில் தொடங்கி 1282ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது என்றும் மரபுக் கணக்குக் கூறுகின்றது. பவானியில் தொடங்கும் வாய்க்கால் ஈரோடு வழியாகச் சென்று, கொடுமுடியை அடுத்த ஆவுடையார்பாறைக்கு அருகே நொய்யல் ஆற்றில் கலக்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 56 மைல், அதாவது 90 கிலோமீட்டர். பவானியின் நீர் இவ்வாறு நொய்யலைச் சென்றடைவதால், ஆறுகளை இணைத்த பழம்பணிகளுள் ஒன்றாக இதனைப் போற்றுவாரும் உளர். காங்கேயத்து மாணவர்க்கு நொய்யல் புதியதன்று. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கோவையையும் திருப்பூரையும் கடந்து, காங்கேய வட்டாரத்தின் வடபுறமாக ஓடும் ஆறு அதுவே. அந்த ஆற்றின் கடைப்பகுதியிலேதான் காலிங்கராயரின் நீரும் வந்து கலக்கின்றது.

வாய்க்காலில் நீர் வந்தது. கம்பு விளைந்த நிலத்தில் நெல் விளைந்தது. கரும்பும் வாழையும் மஞ்சளும் தழைத்தன. பூந்துறை நாட்டார் நல்லரிசி உண்டனர். காலிங்கராயரின் உறுதி நிறைவேறிற்று. இத்துடன் அவர் வரலாறு முடிந்திருக்குமாயின், அவரை நாம் ஒரு சிறந்த வாய்க்கால் வெட்டியவராக மட்டுமே நினைத்திருப்போம். ஆனால் அதற்குப் பின்னர் நிகழ்ந்ததே அவரைப் பெரியோராக்கிற்று.

நற்செயல் நடக்குமிடத்தில் பழிச்சொல்லும் உடன் பிறக்கும். காலிங்கராயர் தம் உறவினரின் நிலங்கள் செழிக்கவே இவ்வாய்க்காலை வெட்டினார் என்று சிலர் பேசத் தொடங்கினர் என்பது செவிவழிச் செய்தி. மக்களின் உழைப்பைக் கொண்டு தம் குடியை வளர்த்துக்கொண்டார் என்னும் பேச்சு ஊரூராகப் பரவிற்று. இதனை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதைக் கருதுமின். பழி கூறியவரைத் தண்டித்திருக்கலாம். அதற்குரிய வலிமை அவரிடம் இருந்தது. தம் தூய்மையை விளக்கி ஊர்தோறும் பேசியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. தாமும் தம் வழித்தோன்றல்களும் இவ்வாய்க்கால் நீரைப் பருகுவதுமில்லை, பயன் கொள்வதுமில்லை என்று உறுதி பூண்டார். பிறந்த ஊரை விட்டுக் குடும்பத்துடன் நீங்கினார். பொள்ளாச்சிக்கு அண்மையிலுள்ள ஊத்துக்குளியில் சென்று குடியேறினார்.

திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் இடையே வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊத்துக்குளி ஒன்று உண்டு. காங்கேயத்தார்க்கு அதுவே அண்மையில் உள்ளது. காலிங்கராயர் சென்ற ஊர் அதுவன்று. அவர் சென்றது தெற்கே ஆனைமலை அடிவாரத்தை நோக்கிய ஜமீன் ஊத்துக்குளி. அவ்வூரின் ஜமீன்தார்களாயிருந்த குடும்பத்தார் அவர் வழிவந்தோராகக் காலிங்கராயர் என்னும் பெயருடனேயே விளங்கினர்.

பிறந்த மண்ணைத் துறப்பது எவர்க்கும் எளிதன்று. தாம் 12 ஆண்டுகள் உழைத்து உண்டாக்கிய பசுமையைக் கண்ணாலும் காணாத தொலைவிற்குச் செல்வது அதனினும் அரிது. அவர் அவ்வாறு செய்ததன் காரணம் என்ன? பொதுச்செல்வம் ஒன்று நிலைபெற வேண்டுமாயின், அது பொதுவானது என்று அனைவரும் நம்புதல் வேண்டும். இது ஒரு குடும்பத்தின் உடைமை என்னும் ஐயம் மக்கள் நெஞ்சில் புகுந்தால், பழுதுற்ற கரையை அடைக்க எவரும் மண்வெட்டியுடன் வாரார். வண்டலைத் தூர்வார எவரும் முன்வாரார். ஐயம் புகுந்த வாய்க்கால் சில ஆண்டுகளில் தூர்ந்துபோகும். இதனை உணர்ந்தே காலிங்கராயர் அந்த ஐயத்திற்கு இடமாயிருந்த தம்மையே அங்கிருந்து விலக்கிக்கொண்டார் என்று கொள்ளலாம். அணை கல்லால் கட்டப்பட்டது. வாய்க்கால் மண்ணால் அமைந்தது. இரண்டையும் தாங்கி நிற்கும் அடிப்படை மக்களின் நம்பிக்கை. அதனையும் சேர்த்தே அவர் கட்டிச் சென்றார்.

அவர் நீங்கிய பின்னரும் வாய்க்கால் நின்றது. அரசுகள் பல மாறின. பாண்டியர் மறைந்தனர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூர் மன்னர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் வந்து வந்து நீங்கின. 1800ஆம் ஆண்டில் இந்நாட்டில் பயணம் செய்த புக்கானன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர் இவ்வாய்க்காலைப் பற்றித் தம் நூலில் எழுதியுள்ளார். இன்றும் இதனால் 15,743 ஏக்கர் நிலம் பாசனம் பெறுகின்றது. பவானி ஆற்றின் மேற்பகுதியில் 1955ஆம் ஆண்டில் பவானிசாகர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் காங்கேயம் வட்டாரம் வரையில் வந்து புன்செய் நிலங்களுக்கு நீர் தருகின்றது. புதிய அணை வந்த பின்னரும், பழைய பாசனமாகிய காலிங்கராயன் வாய்க்காலின் உரிமை காக்கப்பட்டு வருகின்றது.

ஒரு வாய்க்கால் இத்தனை நூற்றாண்டுகள் வாழ்வது தானாக நிகழ்வதன்று. தமிழ்நாட்டில் ஏரிகளையும் வாய்க்கால்களையும் ஊரார் ஒன்றுகூடிச் செப்பனிடும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வந்தது. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். நிலமுடையார் தத்தம் பங்கிற்கேற்ப ஆட்களை அனுப்புவர், கரை உயர்த்துவர், மண்டிய செடிகொடிகளை அகற்றுவர், மடைகளைச் சீர்செய்வர். தலைமடையில் உள்ளவர் மிகுதியாக நீரைக் கொண்டால் கடைமடையில் உள்ளவர் வாடுவர். ஆதலின் முறைவைத்து நீர் பாய்ச்சுவர். பிற்காலத்தில் இவ்வழக்கம் தளர்ந்தது. 1858ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றிற்று. ஆயினும், விருப்பத்தால் நடைபெற்ற பணியைக் கட்டாயத்தால் முழுமையாக மீட்க இயலவில்லை.

பிற நாடுகளிலும் இத்தகைய முறைகள் உண்டு. ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில் உழவர்கள் தம்முள் சிலரை நடுவராகத் தேர்ந்தெடுக்கின்றனர். அந்நடுவர் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலய வாயிலில் அமர்ந்து, வாய்க்கால் நீர் பற்றிய வழக்குகளை வாய்மொழியாகவே தீர்க்கின்றனர். பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் அம்மன்றத்தை 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மாந்தர்குலத்தின் மரபுச்செல்வமாக ஏற்றது. நீரைப் பயன்கொள்வோரே நீரைக் காப்போராகவும் இருத்தல் வேண்டும் என்பது எந்நாட்டிற்கும் பொருந்தும் நெறி. நம் மாநிலத்திலும் 2000ஆம் ஆண்டில் உழவர்கள் பாசன அமைப்புகளை மேலாண்மை செய்வதற்கான சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தன. 2017ஆம் ஆண்டில் குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே அரசும் உழவரும் கூடிச் செய்யும் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

காலிங்கராயர் காலத்தில் வாய்க்காலுக்கு வறட்சியும் வெள்ளமும் பகையாயிருந்தன. நம் காலத்தில் வேறொரு பகை தோன்றியது. ஈரோட்டைச் சுற்றிச் சாயப்பட்டறைகளும் தோல் தொழிற்கூடங்களும் பெருகின. அவற்றின் கழிவுநீரும் நகரத்துச் சாக்கடையும் வாய்க்காலில் கலந்தன. பயிர் வளர்த்த நீர் நிறம் மாறிற்று. உழவர்கள் முறையிட்டனர். கழிவுநீரைத் தனியே பிரித்துச் செல்லும் பொருட்டு வாய்க்காலின் ஓரமாகச் சிறு கால்வாய் ஒன்று கட்டப்பட்டது. ஆயினும் விழிப்பு ஒருநாளும் தளரலாகாது.

வாய்க்கால் சென்று சேரும் நொய்யலின் நிலையோ இதனினும் துயரமானது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிட்டது. உலக நாடுகளுக்கெல்லாம் ஆடை அனுப்பிற்று. அதனுடன் சாயக்கழிவும் ஆற்றில் இறங்கிற்று. சென்னிமலைக்கு அண்மையில் ஒரத்துப்பாளையத்தில் 1992ஆம் ஆண்டில் பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட அணையில் சாயநீரே தேங்கிற்று, அந்நீர் பயிர்க்கும் ஆகாததாயிற்று, கிணறுகளும் உவர்த்தன. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். விதிகளைக் கடைப்பிடிக்காத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதனால் வேலையிழந்து வாடிய தொழிலாளர் பலர். பின்னர், கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறையைப் பட்டறைகள் மேற்கொள்ளலாயின. உழவும் தொழிலும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஆயினும், ஒருவர் தம் ஊதியம் கருதிப் பொதுநீரைக் கெடுப்பாராயின் முடிவில் அவருக்கும் கேடு நேரும் என்பதை நொய்யல் நமக்குக் கற்பித்தது.

இருளிடையே ஒளியும் உண்டு. காலிங்கராயர் பிறந்ததாகக் கூறப்படும் கனகபுரத்தை அடுத்த வெள்ளோட்டில் ஒரு பெரிய குளம் இருக்கின்றது. குளிர்காலத்தில் நெடுந்தொலைவிலிருந்தும் பறவைகள் அங்கு வந்து தங்குகின்றன. அக்குளம் இன்று பறவைகள் சரணாலயமாக விளங்குகின்றது. ஈரநிலங்களைக் காக்கும் பொருட்டு 1971ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் பல நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் அக்குளம் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இப்பெருமைக்கு அரசின் ஆணை மட்டும் காரணமன்று. சுற்றுப்புற ஊர்களின் மக்கள் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடாதிருக்கத் தீபாவளி நாளிலும் வெடி வெடிப்பதில்லை. புத்தாடை உண்டு, பலகாரம் உண்டு, விளக்கு உண்டு, வெடியோசை மட்டும் இல்லை. சிறுவர்கள் தம் மகிழ்ச்சியில் ஒரு பகுதியைப் பெயர் தெரியாத பறவைகளுக்காக விட்டுக்கொடுக்கின்றனர். காலிங்கராயர் விட்டுச் சென்ற மண்ணில் அவருடைய குணம் முற்றும் மறைந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காலிங்கராயருக்கு அணையின் அருகே மணிமண்டபமும் சிலையும் அமைக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் தைத்திங்கள் ஐந்தாம் நாளைக் காலிங்கராயர் நாளாக உழவர்கள் கொண்டாடுகின்றனர். வாய்க்காலில் மலர் தூவி வணங்குகின்றனர். மலர் தூவுதல் நன்று. குப்பை தூவாதிருத்தல் அதனினும் நன்று. கரையில் மரம் நடுதலும், மடைக்கு முறை தவறாதிருத்தலும், கழிவைத் தடுத்தலும் அவருக்குச் செய்யும் உண்மையான வழிபாடாகும்.

நாம் அனைவரும் அணை கட்டுதல் இயலாது. ஆயினும் நம் ஊரிலும் ஒரு குளமோ, கிணறோ, மேய்ச்சல் நிலமோ, பள்ளி வளாகத்து மரமோ பொதுவாக இருக்கின்றது. அதனைப் பிறர் காப்பர் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டால் அது அழியும். அதனை நான் காத்தேன், ஆதலின் எனக்கே உரியது என்று ஒருவர் கருதினாலும் அழியும். காக்கும்பொழுது அனைவரும் கைகொடுத்தல் வேண்டும். பயன்கொள்ளும்பொழுது தமக்கென மிகுதி வேண்டாதிருத்தல் வேண்டும். கொங்கு நாட்டின் காய்ந்த மேட்டு நிலத்தில் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால் இந்த உண்மையை ஓயாது உரைத்துக்கொண்டிருக்கின்றது. தாம் வெட்டிய நீரைத் தாம் பருகாமல் சென்ற அப்பெரியாரின் புகழ், அந்நீர் ஓடுமளவும் நின்று நிலவும்.